முதுமையில் கடனும் இழப்பும்

முதுமையில் பார்வை மங்குகிறது, பாவில் அறுந்த இழையைப் பிணைக்க நேரமாகிறது, கூலி குறைகிறது. வட்டியோ குறைவதில்லை. ஐயம்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களில், தறியும் பறிபோகுமோ என்பதே முதியோரின் பெருங்கவலை.

இது குறித்து நாம் அறிய வேண்டுவன சில. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 60-ஆம் பிரிவின்படி, தாமே உழைக்கும் கைவினைஞரின் கருவிகளைப் பணக்கடன் டிக்ரிக்காக ஜப்தி செய்தலாகாது. உழவரின் ஏர்க்கருவிகளுக்கும், பிழைப்புக்கு இன்றியமையாத மாடு, விதை ஆகியவற்றுக்கும் இக்காப்பு உண்டு. ஆனால், ஈடாக எழுதிக் கொடுத்த பொருளுக்கு இக்காப்பை நம்பியிருத்தல் கூடாது. ஆதலின் தறியை ஈடு வைத்தல் வேண்டா.

கடனைத் தீர்க்கவே இயலாதாயின், 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி மனுச் செய்யலாம். ஊரார் 'மஞ்சள் கடுதாசி' என இகழ்வது இதனையே. எனினும் இது சட்டம் திறந்துவைத்த வழியேயன்றிக் குற்றமன்று. வறுமை ஒன்றே காரணமாகக் கடனாளியைச் சிறையிலிடுதல் தகாது என 1980-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தாமே கையெழுத்திடாத மக்கள், தந்தையின் கடனுக்கு அவரிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர்.

கடன் நெருக்கத்தில் பசுவை விற்பவரும், நோயில் அதனை இழப்பவரும் உளர். மக்கள் வெளியூரில் வாழ, தனித்திருக்கும் முதியவருக்கு அப்பசுவோ நாயோதான் பேச்சுத்துணை. "மாடுதானே" என்று நாம் தள்ளுதல் முறையன்று. காப்பீடு பண நட்டத்தைக் குறைக்கும். மனத்துயரைக் குறைப்பது அண்டை வீட்டார் வந்து அருகில் அமர்தலே.

கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள், வீட்டாரிடம் மறையாதீர்கள். குறைந்த வருவாயினருக்கும் பெண்டிருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. தயங்காது நாடுங்கள்.