"பசுமை கட்டிடம்" போர்டு மாட்டினால் போதுமா? மீட்டர் என்ன சொல்லுது?

திருவொற்றியூர்:-

ஏ.சி. ஆபீஸ், ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி என்று எங்கு பார்த்தாலும் வாசலில் "பசுமை கட்டிடம்" என்று ஒரு பலகை தொங்குகிறது. தங்கம், பிளாட்டினம் என்று ரேங்க் வேறு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 'லீட்' தங்கச் சான்று பெற்றது. சென்னை மெட்ரோ ரெயில் நிலையங்களும் இந்திய பசுமை கட்டிட கவுன்சிலிடம் சான்றிதழ் வாங்கி உள்ளன.

சரி, அந்த கட்டிடம் நிஜமாகவே கரண்ட் மிச்சம் பிடிக்கிறதா? அதை யார் பார்ப்பது?

சான்றிதழ் எப்படி?

பெரும்பாலும் கட்டிடம் கட்டும்போதே கம்ப்யூட்டரில் கணக்கு போட்டு, "இவ்வளவு மின்சாரம்தான் செலவாகும்" என்று காட்டுவார்கள். அதை வைத்துதான் மார்க். ஆனால் ஆட்கள் குடியேறிய பிறகு கதையே மாறி விடுகிறது. ஏ.சி.யை 18 டிகிரியில் வைப்பார்கள். பில்டரை சுத்தம் செய்ய மாட்டார்கள். ராத்திரி ஷிப்டும் சேர்ந்து கொள்ளும்.

அமெரிக்காவில் லீட் சான்று பெற்ற 100 கட்டிடங்களின் கணக்கை கனடா ஆராய்ச்சியாளர்கள் அலசி 2009-ல் வெளியிட்டனர். சராசரியாக 18 முதல் 39 சதவீதம் வரை மிச்சம் ஆனது உண்மை. ஆனால் 28 முதல் 35 சதவீத கட்டிடங்கள், சாதாரண கட்டிடத்தை விட அதிகமாகவே எரிசக்தியை விழுங்கி இருந்தன! அதே ஆண்டு வந்த புதிய லீட் விதியில், 5 ஆண்டுகளுக்கு மின்சாரம், தண்ணீர் கணக்கை தர வேண்டும் என்று நிபந்தனை போடப்பட்டது.

கண்காணிப்பது எப்படி?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏ.சி., லிப்ட், விளக்கு, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீட்டர் வைக்க வேண்டும். கட்டிடம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால் பில் ஏறுவது தெரியும், எங்கே ஓட்டை என்பது தெரியாது. ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் மீட்டர் வேகமாக சுற்றினால், ஏதோ வீணாக ஓடுகிறது என்று அர்த்தம்.

அடுத்து ஆண்டு யூனிட்டை கட்டிடத்தின் சதுர மீட்டரால் வகுக்க வேண்டும். மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2009-ல் ஆபீஸ் கட்டிடங்களுக்கு ஸ்டார் கொடுக்க தொடங்கியபோது, சென்னை போல புழுக்கமான ஊர்களில் பாதிக்கு மேல் ஏ.சி. உள்ள கட்டிடத்துக்கு 200 முதல் 175 யூனிட் வரை என்றால் ஒரு ஸ்டார், 100-க்கு கீழ் என்றால் 5 ஸ்டார் என்று வகுத்தது. ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது அதே பணியகம்.

நமக்கு என்ன?

நமக்குத்தான் நிறைய இருக்கிறது. எங்கோ பழைய மகாபலிபுரம் சாலையில் ஏ.சி. ஓடினாலும், கரி எரிவது நம்ம பக்கத்தில்தான். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டு விட்டது. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போச்சு என்று மீனவர்கள் புலம்புவது ஊரறிந்த விஷயம்.

கரியில் ஒரு யூனிட் தயாரிக்க சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். 1,000 சதுர மீட்டர் ஆபீஸ் ஒன்று 200 யூனிட்டில் இருந்து 100-க்கு இறங்கினால், வருடத்துக்கு 1 லட்சம் யூனிட் மிச்சம். அவ்வளவும் கரி மின்சாரம் என்றால் 70 டன் நிலக்கரி, அதாவது 23 டன் சாம்பல் குறையும்.

கிரிட்டில் காற்றாலை, சோலார் மின்சாரமும் கலந்து வருகிறது என்பது நிஜம்தான். ஆனாலும் கரியின் பங்குதான் பெரிசு.

ஆகவே வாசலில் தங்கமா, பிளாட்டினமா என்று பார்ப்பதோடு நிற்காமல், போன வருடம் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். அந்த எண்ணையும் பலகை பக்கத்திலேயே எழுதி வைத்தால், பசுமையா, வெறும் பெயிண்டா என்பது தெரிந்து விடும்.