பெர்க்லி வைத்தியரின் தோட்டக் குடில்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் பெர்க்லி என்றொரு சிற்றூர். அதன் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் 'சான்ட்ரி' என்ற வீட்டை எட்வர்ட் ஜென்னர் 1785-இல் 600 பவுண்டுக்கு வாங்கினார். லண்டனில் ஜான் ஹன்டரிடம் அறுவை மருத்துவம் படித்தும், தலைநகரில் தங்காமல் பிறந்த ஊருக்கே வைத்தியம் பார்க்கத் திரும்பியவர் அவர். பிறர் கூட்டில் பொரிந்த குயில்குஞ்சு கூடவே இருக்கும் முட்டைகளை வெளியே தள்ளுவதைக் கவனித்து எழுதி, 1789-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார்.

பசுவம்மை வந்த பால்காரிக்குப் பெரியம்மை வராது என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. 1796 மே 14 அன்று சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கைக்கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறி ஏற்றினார் ஜென்னர். ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை. இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் இதற்குச் சம்மதிக்காது. ஆனால் அந்தச் சீழை ஏற்றுவதுதான் அன்றைய வழக்கமான தற்காப்பு. சிறுவயதில் ஜென்னருக்கும் அதைச் செய்திருந்தார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் பட்டை உரிக்காத மரங்களால் கட்டிய ஒரு கூரைக்குடில் உண்டு. 'வாக்சினியா கோயில்' என்று அதற்கு ஜென்னரே பெயர் வைத்தார். ஏழைகளுக்கு அங்கே இலவசமாக அம்மை குத்தினார். ஈகைதான், சந்தேகமில்லை, ஆனால் அந்த முறையே ஆள்வரத்தை நம்பியிருந்தது. பசுவம்மை எப்போதும் மாடுகளிடம் கிடைக்காது. குளிர்பெட்டி இல்லாத காலம். நூலிலும் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவிலும் உலர்த்தி அனுப்பியது பலசமயம் வீரியம் இழந்துவிடும். எனவே அம்மை குத்திய ஒருவர் எட்டாம் நாள்வாக்கில் திரும்பிவர, அவர் கொப்புளத்து நீரை அடுத்தவர் கையில் ஏற்றுவதே நம்பகமான வழி. அந்தச் சங்கிலி அறுந்தால் மருந்தும் போயிற்று. 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தியது பலித்ததும், இந்தியாவுக்குள் அது கைக்குக் கையாகத்தான் பரவியது. கூடவே மேகநோய் போன்றவையும் தொற்றக்கூடும் என்பதால், 1898-இல் இங்கிலாந்து இம்முறைக்குத் தடை விதித்தது.

ஜென்னர் 1823-இல் இறந்தார். பின்னாளில் பாதிரியார் இல்லமாக இருந்த சான்ட்ரி, 1985-இல் அருங்காட்சியகமாயிற்று. குடிலையும் அங்கே பார்க்கலாம். சாரா நெல்ம்ஸுக்கு அம்மை தந்த பசு பிளாசத்தின் தோலைப் பார்க்க மட்டும், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளிக்குப் போகவேண்டும்.