ராணியம்மா போட்ட வழக்கு

பாகத் தகராறு நம் வீட்டில் மட்டும்தானா? அரண்மனையிலும் உண்டு, சகோதரிகளே! நம் போலகம் இருக்கும் காரைக்கால் சீமையே அப்படிக் கைமாறியதுதான். தஞ்சாவூர்ப் பட்டத்துக்காகப் பங்காளிச் சண்டையில் இருந்த சாகுஜி, உதவி செய்தால் காரைக்காலைத் தருவதாக 1738-ல் பிரெஞ்சுக்காரருக்கு வாக்குக் கொடுத்தார். 1739-ல் ஊர் அவர்கள் வசமானது.

1855-ல் தஞ்சை ராஜா சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். பெண் மக்கள் இருந்தும் கம்பெனி ஒப்பவில்லை; அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சிபாய் சும்மா இருந்தாரா? மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் 1862-ல் சொந்தச் சொத்து ராணிகளுக்கே திரும்பியது.

ராணிக்கே இந்தப் பாடு! வீட்டுப் பத்திரம் எங்கே, யார் பேரில் என்று இன்றே கேட்டு வையுங்களேன்.