உடல் பருமன் அறுவை சிகிச்சை: ஒளித்து உண்பதும் ஊர் பேசுவதும்

ஒரு வலீமா விருந்து. பெண்கள் பகுதியில் சஹனைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பருமனான உடல்வாகு கொண்ட சகோதரி. இரண்டு கவளம் எடுப்பதற்குள் எதிரே இருக்கும் மாமி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "பாத்துச் சாப்பிடும்மா, இப்பவே மூச்சு வாங்குது." பக்கத்தில் இருப்பவர் தொடர்கிறார்: "ஆபரேசன் பண்ணப் போறாளாமே! வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டணுமாக்கும்?" எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சகோதரியும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறார். அன்று இரவு வீட்டார் உறங்கிய பிறகு, அடுப்படியில் விளக்கைக்கூடப் போடாமல், விருந்திலிருந்து கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சட்டியோடு வைத்துச் சாப்பிடுகிறார். வயிறு நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. பிறகு தன்னைத் தானே வெறுத்து அழுகிறார்.

இது நாம் எழுதிப் பார்த்த காட்சிதான். ஆனால் நம் குடும்பங்களில் பலருக்கும் இதில் ஏதோ ஒரு பகுதி பழக்கமானதாக இருக்கும். சிலர் அந்தச் சகோதரியின் இடத்தில் இருந்திருப்போம். சிலர், அல்லாஹ் மன்னிப்பானாக, அந்த மாமியின் இடத்தில் இருந்திருப்போம். எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு நம் ஊர்களில் அதிகரித்துவிட்ட இந்தக் காலத்தில், சிகிச்சைக்கு முன்பு ஒருவர் படும் பாட்டை மருத்துவமும் மார்க்கமும் எப்படிப் பார்க்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பசியா, பழக்கமா, நோயா?

"வாயைக் கட்டினால் போதும்" என்று சொல்வது எளிது. உடல் அப்படி இயங்குவதில்லை. நம் இரைப்பையின் மேல்பகுதியில் அதிகமாகச் சுரக்கும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பசியைத் தூண்டுகிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் 'லெப்டின்' போதும் என்ற செய்தியை மூளைக்குச் சொல்கிறது. ஒருவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது, உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. பத்துக் கிலோ குறைத்தவர் ஒரு வருடத்தில் பன்னிரண்டு கிலோ ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதனுடன் பரம்பரை, தைராய்டு குறைபாடு, பெண்களுக்கு வரும் பிசிஓடி, தூக்கமின்மை, ஸ்டீராய்டு மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும்.

சிலருக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவார்கள். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. வேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிடுவது, பசிக்காதபோதும் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியே சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் மூன்றாவது இருந்து, வாரத்துக்கு ஒரு முறையாவது என மூன்று மாதம் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதை 'பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர்' என்ற உணவுக் கோளாறாகக் கருதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013இல் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. பருமனாக உள்ள எல்லோருக்கும் இது இருக்கும் என்று எண்ணக்கூடாது. ஒல்லியானவர்களுக்கும் இது வரலாம். பேச்சுவழி மனநல சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது.

கேலி எடையைக் குறைக்காது

"நாலு வார்த்தை சுருக்கென்று சொன்னால்தான் உறைக்கும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆய்வுகள் காட்டுவது நேர்மாறானது. எடைக்காக ஏளனம் செய்யப்படுபவர்கள் மேலும் அதிகமாக உண்ணவும், உடற்பயிற்சியைத் தவிர்க்கவும், மருத்துவரிடம் போகாமல் ஒதுங்கவும் வாய்ப்பு அதிகம். நடைப்பயிற்சிக்குப் போனால் தெருவில் சிரிப்பார்கள் என்ற பயம் ஒருவரை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. பிறர் முன்னால் சாப்பிட வெட்கப்படுபவர் பகலில் பட்டினி கிடக்கிறார், இரவில் அந்தப் பட்டினி இரட்டிப்பாகத் திரும்புகிறது. 2020இல் பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை ஒன்றும், உடல் பருமனைச் சோம்பலாகவும் மன உறுதியின்மையாகவும் மட்டும் பார்ப்பது அறிவியலுக்கு முரணானது என்று எடுத்துரைத்தது.

ஆக, சஹனைச் சுற்றி எழுந்த சிரிப்புக்கும் இருட்டு அடுப்படிக்கும் தொடர்பு உண்டு.

அறுவை சிகிச்சை எதைச் செய்யும்?

இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது குறுகிய குழாய்போல் ஆகிவிடுகிறது. கிரெலின் சுரக்கும் பகுதியின் பெரும்பங்கு நீங்குவதால் பசியும் குறைகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளளவில் சிறு பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் செய்யப்படுகின்றன.

யாருக்குத் தேவை என்பதற்கு பிஎம்ஐ என்ற கணக்கு முதல் அளவுகோல். எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது. 160 செ.மீ. உயரமும் 96 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 37.5. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பிஎம்ஐ 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 27.5 முதலே இதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவக் குழுவே முடிவு செய்யும்.

இது சுலபமான குறுக்குவழி என்று நினைப்பவர்கள் இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். இரத்தக்கசிவு, தையல் பிரிந்து கசிதல், இரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் குறைந்த அளவிலேனும் உண்டு. வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரைகள் தேவைப்படும். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு. பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இவ்வளவையும் ஏற்று ஒருவர் முன்வருகிறார் என்றால் அது சோம்பேறித்தனம் ஆகுமா?

அதேபோல் அறுவை சிகிச்சை செய்யாதது ஒன்றும் உண்டு. கத்தி இரைப்பையைச் சிறிதாக்கும், மனக்கவலையைச் சிறிதாக்காது. துக்கத்துக்கும் தனிமைக்கும் உணவை மருந்தாக்கிப் பழகியவர், ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாதபோது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கத் தொடங்கலாம். இழந்த எடை இப்படித்தான் சிலருக்குத் திரும்புகிறது.

மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

அறுவைக்கு முன் மனநல ஆலோசகரைச் சந்திக்கச் சொல்வார்கள். "உண்மையைச் சொன்னால் ஆபரேசன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ" என்று பயந்து, இரவில் ஒளித்துச் சாப்பிடுவதைப் பலர் மறைக்கிறார்கள். உணவுக் கோளாறு இருப்பதாலேயே சிகிச்சை நிரந்தரமாக மறுக்கப்படுவதில்லை. முதலில் அதற்கு உதவி செய்து, கட்டுக்குள் வந்த பிறகு அறுவைக்குத் தேதி கொடுப்பார்கள். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம், மனச்சோர்வு, முன்பு தற்கொலை எண்ணம் வந்தது ஆகிய எதையும் மறைக்காதீர்கள். அத்தகைய எண்ணம் இப்போதே வாட்டினால், அறுவைக்கான தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மிக முக்கியமானவை. மாவுச்சத்தும் கலோரியும் குறைந்த உணவை மட்டும் தரச் சொல்வார்கள். கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேல் படர்ந்திருக்கிறது. பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறிப் பெருத்திருக்கும். இந்த உணவுமுறையால் கல்லீரல் சுருங்கினால்தான் மருத்துவர் அதை விலக்கி, பாதுகாப்பாக இரைப்பையை அடைய முடியும். சுருங்காவிட்டால் அறுவை கடினமாகும், சில நேரம் பாதியில் நிறுத்தவும் நேரிடும்.

இந்த நேரத்தில்தான் "இனிமேல் சாப்பிட முடியாதே" என்ற ஏக்கத்தில் பலர் கடைசி விருந்துபோல் வாரிச் சாப்பிடுகிறார்கள். உறவினர்களும் பாசத்தில் வட்டலப்பமும் நெய்ச்சோறும் கொண்டு வருகிறார்கள். அப்படி ஒருநாள் தவறிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவமனையில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த இரண்டு வாரங்களில் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றியாக வேண்டும். உணவைக் குறைத்து மருந்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

மார்க்கம் அனுமதிக்கிறதா?

"அல்லாஹ் படைத்த உறுப்பை வெட்டலாமா?" என்ற கேள்வி உண்மையான அச்சத்தில் எழுவது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்திய ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அழகு சிகிச்சைகள் பற்றிய தீர்மானத்தில் எடை குறைப்பையும் எடுத்துக்கொண்டது. எடை ஒரு நோய்நிலையாக இருந்து, அறுவையைத் தவிர வேறு வழி இல்லாமல், தீங்கு ஏற்படாது என்ற நிலையும் இருந்தால், அறுவை மூலம் குறைப்பது கூடும் என்பதே அதன் கருத்து. மருத்துவ அறிக்கையுடன் உங்கள் ஊர் ஆலிமை அணுகி உங்கள் நிலைக்கான தெளிவைப் பெறுங்கள். அறுவைக்குப் பின் எப்போது நோன்பு பிடிக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் (2:185).

தட்டைக் கண்காணிப்பவர்களுக்கு

உண்ணுங்கள், பருகுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (7:31). வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு என்ற நபிவழியும் நமக்குத் தெரியும். இவை ஒவ்வொருவரும் தம் தட்டைப் பார்த்து நினைக்க வேண்டியவை. அடுத்தவர் தட்டைப் பார்த்து வீச வேண்டிய கற்கள் அல்ல.

ஒருவர் மற்றவரைப் பரிகசிப்பதை, ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குறிப்பிட்டு அல்லாஹ் தடுக்கிறான் (49:11). அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தைச் சுட்டிப் பேசியபோது, அந்த ஒரு சொல் கடல்நீரையே மாற்றிவிடும் அளவுக்குக் கனமானது என நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (அபூதாவூத்). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிரித்தவர்களிடம், மறுமைத் தராசில் அவை உஹது மலையை விடக் கனமானவை என்றார்கள் (அஹ்மத்). குட்டை, ஒல்லி, பருமன் எதுவும் சிரிப்பதற்குரியதல்ல.

இன்னொரு நிகழ்வு. மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள் (புகாரி). ஹராமான ஒன்றை விட முடியாமல் தவித்தவருக்கே இந்தக் கண்ணியம் என்றால், ஹலாலான உணவின் முன் போராடும் ஒருவரிடம் நாம் எப்படி நடக்க வேண்டும்?

குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள்:

"எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" என்று கேட்பதை விட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள்.

அறுவை செய்வதும் செய்யாததும் அவருடைய அமானிதம். அவர் அனுமதியின்றி ஊரில் சொல்லாதீர்கள்.

அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஒதுக்காமல், வீட்டிலேயே எண்ணெயையும் இனிப்பையும் குறையுங்கள்.

இரவில் அவர் சாப்பிடுவதைக் கண்டால் விளக்கைப் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். மறுநாள் தனிமையில், "மனசுக்கு ஏதும் கஷ்டமா? டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள்.

சிகிச்சைக்குக் காத்திருக்கும் சகோதரியே, சகோதரரே! நேற்றிரவு நடந்தது உங்கள் ஈமானின் அளவல்ல. அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அங்கிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது. பகலில் வேளை தவறாமல் சாப்பிடுங்கள், பட்டினி இரவு உணவைப் பெருக்கும். நம்பிக்கையான ஒருவரிடமாவது மனம் திறந்து பேசுங்கள்.

நோயுற்றோருக்கு வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக! நம் நாவுகள் பிறருக்கு நோயாகாமல் காப்பானாக! ஆமீன்.