தொலைப்பணியும் பெருநகரும்

பண்டைக் காலந்தொட்டே பெருநகரம் மாந்தரைத் தன்பால் ஈர்த்து வந்துள்ளது. பொருள் தேடும்பொருட்டு மனையாளைப் பிரிவதா, இல்லத்திலேயே தங்குவதா என்னும் நெஞ்சப் போராட்டமே பட்டினப்பாலையின் பொருளாகும். நிந்தவூரிலிருந்து இரவுப் பேருந்தேறிக் கொழும்புக்குச் செல்லும் இளைஞனின் நெஞ்சிலும் இப்போராட்டம் உண்டு. ஆயின், அண்மைக் காலத்தில் மூன்றாவது வழியொன்று தோன்றியுள்ளது. ஊரிலிருந்தவாறே நகரத்து உத்தியோகத்தைப் பார்த்தலே அவ்வழியாகும். இதனால் நகரும் ஊரும் எவ்வாறு மாறும் என்பது ஆராயத்தக்கது.

காரியாலயங்களால் நகரங்கள் பெருத்தமைக்குக் காரணம் எளிது. கோப்பு எங்குளதோ அங்கே எழுதுவினைஞரும் இருத்தல் வேண்டும். துறைமுகமும் வங்கிகளும் வணிக நிலையங்களும் கொழும்புக் கோட்டையைச் சூழ அமைந்தன; புகைவண்டிப் பாதைகளும் வீதிகளும் அவ்விடம் நோக்கியே சென்றன. கணினியும் இணையமும் தோன்றியபின் கோப்பானது கடதாசியினின்றும் விடுபட்டது. எவ்விடத்திலிருந்தும் அதனைத் திறக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

இவ்வெண்ணம் புதியதன்று. ஊழியர் நகர மையத்துக்குச் செல்லாது, தத்தம் இல்லங்களுக்கு அண்மையிலுள்ள கிளைக் காரியாலயங்களிலிருந்து தொடர்புச் சாதனங்கள் வாயிலாகப் பணிபுரியலாம் என்பதை ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்கர் 1973 ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். எனினும், அது உலகெங்கும் பரவுதற்கு ஒரு கொள்ளைநோய் வேண்டியதாயிற்று.

இலங்கையில் 2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கணினிவழிப் பணிகள் வீடுகளுக்குப் பெயர்ந்தன. 2022 யூன் மாதத்தில், எரிபொருட் பஞ்சத்தினால், அரசாங்க ஊழியர் இரு வாரங்கள் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணிக்கப்பட்டனர். அதே ஆண்டு மார்ச் இறுதியிலோ மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. எரிபொருளின்மை ஊழியரை வீட்டில் இருத்தும். மின்சாரமின்மை அங்கே அவர்தம் பணியைத் தடுக்கும். வீடு காரியாலயமாதற்கு விருப்பம் மாத்திரம் போதாது என்பதை அவ்வாண்டு நன்கு உணர்த்திற்று.

மேலைநாட்டு நகரங்களில் விளைந்த மாற்றம் பெரிது. சான் பிரான்சிஸ்கோவில் 2023 இல் அலுவலக இடத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வெறுமையாய்க் கிடந்தது. காரியாலயத்தார் வாராதபோது, நண்பகலில் சோற்றுப் பொதி விற்போரும் முச்சக்கரவண்டி ஓட்டுவோரும் வாடகை விடுதி நடத்துவோரும் வருவாய் இழப்பர். இவர்தம் தொழிலை இணையவழி வீட்டுக்குக் கொண்டுபோதல் இயலாது. ஒருவருக்கு வசதியான மாற்றம் மற்றொருவர்க்கு வறுமையாதலும் கூடும்.

ஈண்டு மற்றொன்றும் நோக்கற்பாலது. நகர மையத்தை விட்டகன்றோரிற் பலர் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்லாது, புறநகரங்களிலேயே குடியேறினர் என அர்ஜுன் ரமணியும் நிக்கலஸ் புளூமும் 2021 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நடுவிலே துளையுடைய வடைக்கு இதனை ஒப்பிடலாம். வாரத்தில் இரண்டொரு நாளாவது காரியாலயம் செல்லவேண்டியிருத்தலே இதற்குத் தலையாய காரணம். மாலபேயிலோ ஹோமாகமையிலோ வாழ்வார்க்கு இவ்வேற்பாடு நன்மை தரும். நிந்தவூராருக்கோ கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. புகைவண்டிப் பாதையும் மட்டக்களப்புடன் முடிவடைகின்றது. வாரம் ஒருநாள் வருகவெனினும் அவர்கள் நகரிலேயே தங்க நேரும். ஆகவே, பாதி விடுதலை இக்கரையோர மக்களுக்கு விடுதலையன்று.

அவ்வாறாயின் வழி யாது? நில்ஸ் எண்ணியதுபோலக் காரியாலயமே ஊழியரை நாடி வருதல் ஒரு வழி. தமிழ்நாட்டின் சோகோ நிறுவனம் 2011 இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் தன் காரியாலயத்தை நிறுவி, இதனை நடைமுறையிற் காட்டிற்று. நிந்தவூருக்குத் தெற்கே, அண்மையிலுள்ள ஒலுவிலில், 1995 இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கின்றது. கற்றோர் ஈண்டு உளர். கற்றும், நகரிலே தனித்துத் தங்கவியலாமையால் வீட்டோடிருக்கும் பட்டதாரிப் பெண்களும் உளர். தடையற்ற மின்சாரமும் விரைவான இணையமும் ஊரிலே ஒரு பொதுப் பணிமனையும் அமையுமாயின், இவர்தம் கல்வி பயன்படும்.

இன்றேல், தொலைப்பணி என்பது கொழும்பினைச் சிறிது அகலச் செய்யும் ஏற்பாடாகவே முடியும். இரவுப் பேருந்தும் முன்போலவே இளைஞரை ஏற்றிக்கொண்டு புறப்படும்.