மழைக் கணக்கும் தரவுக் களஞ்சியமும்

பல காலத்து ஏடுகளைக் கணிப்பொறியில் ஒரே களஞ்சியமாகத் தொகுக்கும் பணியில், இயந்திரத்தினும் ஏடுகளே மிகுந்த இடர் விளைவிக்கின்றன. 1875-இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைப் பதிவுகள் இதற்குத் தக்க சான்றாகும். பழைய பதிவுகள் அங்குலத்தில் உள்ளன, பிற்காலத்தவை மில்லிமீட்டரில். 25.4-ஆல் பெருக்கினால் இது தீர்ந்துவிடும். நாட்கணக்கோ அத்துணை எளிதன்று. காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேர மழை அன்றைய தேதியில் எழுதப்படுகின்றது. முந்திய நாள் பிற்பகல் பெய்ததும் அதிலேயே சேரும். நள்ளிரவை எல்லையாகக் கொண்ட ஆற்று நீர்ப் பதிவுடன் இதனை இணைத்தால், மழைக்கு முன்னரே வெள்ளம் வந்ததாகத் தோன்றும்!

மாவட்டங்களும் நிலைத்தவையல்ல. 2014-இல் 10 மாவட்டங்களுடன் அமைந்த தெலங்கானாவில் அவை 2019-இல் 33 ஆயின.

யாவற்றினும் கொடியது வெற்றுக் கட்டமே. அதனைக் கணிப்பொறி சுழியமாகக் கொள்ளுமாயின், நன்மழை பெற்ற ஊரும் வறண்ட ஊராகிவிடும். மழையில்லாத நாள் வேறு, அளக்கப்படாத நாள் வேறு என்பதைக் களப் பணியாளர் அன்றே குறித்தாலன்றிப் பின்னர் எவராலும் பிரித்தறிய இயலாது.