டாட்டா இன்ஸ்டிட்யூட்டை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

பெங்களூரு ஆட்டோக்காரரிடம் 'இந்திய அறிவியல் கழகம்' என்றால் கொஞ்சம் யோசிப்பார். 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றால் உடனே வண்டியை எடுத்துவிடுவார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் திட்டம், மைசூர் அரசு கொடுத்த சுமார் 370 ஏக்கர் நிலம், 1909-இல் தொடக்கம். டாட்டா அதைப் பார்க்கவில்லை, 1904-லேயே காலமாகிவிட்டார்.

சினிமாவில் இந்த வளாகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். '3 இடியட்ஸ்' படத்துக்குப் பொறியியல் கல்லூரி தேவைப்பட்டபோதும், படக்குழு போனது ஊரின் தெற்கே இருக்கும் ஐ.ஐ.எம். வளாகத்துக்கு! ஆராய்ச்சி என்பது கேமராவின் பொறுமைக்கு ஒத்துவராத வேலை. ஒரே கருவியின் முன் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரை வைத்து இடைவேளை வரை கூட ஓட்ட முடியாது. அதனால் இந்த நிறுவனம் மக்களிடம் வந்து சேர்வது அங்கே இருந்தவர்களின் கதைகளாகத்தான்.

2022-இல் வந்த 'ராக்கெட் பாய்ஸ்' தொடர் அப்படி ஒன்று. இரண்டாம் உலகப் போரால் கேம்பிரிட்ஜை விட்டு இந்தியாவில் தங்க நேர்ந்த அதன் நாயகர்கள் ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் சேர்ந்தது இங்கேதான். அப்போது இயற்பியல் துறையில் இருந்தவர் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன்.

அதே ராமன் இன்னொரு கதையில் அவ்வளவு நல்லவராக வருவதில்லை. 1933-இல் கமலா சோஹோனி (அப்போது பாகவத்) இடம் கேட்டு வந்தபோது, பெண் என்பதால் மறுத்தார். கமலா நகரவில்லை. கடைசியில் ஒரு வருடம் சோதனை முறையில் இருக்கட்டும் என்று ராமன் இறங்கிவந்தார். கமலா பின்னாளில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 2023-இல் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. கமலா இடம் கேட்டு வந்து சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், இங்கே படித்துக்கொண்டிருந்த சுதா மூர்த்தி, 'பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற, டாட்டா நிறுவனமான டெல்கோவின் விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதினார். வேலை கிடைத்தது. இன்று பட்டிமன்ற மேடைக்கும் வாட்ஸ்அப் பகிர்வுக்கும் ஏற்ற கதை அது. என்னைக் கேட்டால் கமலாவின் கதைதான் கனமானது. அவர் எதிர்த்து நின்றது நோபல் பரிசு வாங்கியவரை.

அப்துல் கலாம் மேடைதோறும் சொன்ன கதையும் இந்த வளாகத்தைத் தொடுகிறது. 1979-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு அது வெற்றி பெற்றபோது கலாமைப் பேசச் சொன்னார். இஸ்ரோ தலைவராக நமக்குத் தெரிந்த தவான், அப்போது இந்த நிறுவனத்தின் இயக்குநரும்கூட.

பெங்களூருக்காரர்களுக்கு இந்தக் கதைகளைவிடப் பழக்கமானது ஏரிச் செய்தி. பெல்லந்தூர் ஏரி நுரைத்துத் தெருவுக்கு வந்தாலும், தீப்பற்றினாலும், நிருபர்கள் தேடிப்போவது இங்குள்ள சூழலியல் ஆய்வாளர்களைத்தான். நகரம் எத்தனை ஏரிகளையும் மரங்களையும் இழந்தது என்று அவர்களில் ஒருவரான டி.வி. ராமச்சந்திராவின் குழு சொல்லும் கணக்கை வைத்து நகரவாசிகள் அரசோடு வாதாடுகிறார்கள்.

உள்ளே போய்ப் பார்க்க ஆசையா? 2005 டிசம்பரில் வளாகத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் ஒரு பேராசிரியர் உயிரிழந்தார். அதனால் வாசலில் காவல் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில், 'ஓப்பன் டே' என்று ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். யஷ்வந்தபுரம் ரயில் நிலையம் பக்கம்தான்.